கிளாஸ்கோவில் அப்பாவின் பெயர்

மொன்றியலுக்கு வந்து இறங்கிய புதிதில், பத்திரங்களில் தன் பெயரை எனக்குப் பின்னால் எழுதும்படி என் கணவர் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையை ஆட்டிவிட்டாள். கியூபெக்கில் கல்யாணம் கட்டினாலும் பெண் பிறந்த பெயரோடுதான் இருக்க வேண்டும், அது இங்கத்தைய சட்டம் என்றாள். கணவருக்கு முகம் கறுத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்படித்தான் அப்பாவின் பெயர் என்னோடு தங்கியது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும். அந்தப் பிள்ளையின் பெயர் அதன் பிள்ளைக்குப் பின்னால் போகும். ஒரு தலைமுறைக்கு மேல் எந்தப் பெயரும் பின்னால் நிற்பதில்லை. வெள்ளைக்காரருக்கு இது எத்தனை முறை சொன்னாலும் விளங்காது. ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர்கள் இருப்பதைப் பார்த்து, நாங்கள் அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றே தபால்காரன் நினைத்திருந்தான்.

அதிலும் அப்பாவின் பெயர் லேசுப்பட்ட பெயரில்லை. அப்பப்பா தன் தகப்பனின் பெயரில் முன்பாதியையும், பிள்ளை வேண்டி நேர்த்தி வைத்த கோயில் சாமியின் பெயரில் பின்பாதியையும் எடுத்து ஒட்டிச் செய்த பெயர் அது. ஊரில் வேறு ஒருவருக்கும் கிடையாது. இங்கே கிளினிக்கில் தாதி அதை வாசிக்கத் தொடங்கி, நடுவழியில் கைவிட்டு, "மதாம்..." என்று அறையைச் சுற்றிப் பார்ப்பாள். நான் எழும்புவேன். அப்பா செத்து எத்தனையோ வருடம். ஆனாலும் நாங்கள் இருக்கிற செயின்ட்-மிஷேலில் இன்னும் யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, மகள் செக்கொந்தேர் என்கிற உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பப் பெயரை எடுத்து, அது எங்கே பிறந்தது, இன்று எந்தெந்த நாட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருப்பது என் கணவரின் பெயர். அதைக் கணினியில் தட்டினால் மழைக்கால ஈசல் மாதிரி வந்து விழுந்தது.

"அம்மா, உங்கட நோம் து ஃபமீய், குடும்பப் பேரை எடுக்கிறன். அது ஒருத்தருக்கும் இல்லைத்தானே," என்றாள்.

எனக்கு வாயெல்லாம் பல். குசினி மேசையில் பக்கத்தில் இருந்து, பெயர் பிறந்த கதையைச் சொல்லிக் கொடுத்தேன். கனடாவில் தேடினாள், நான் மட்டும்தான். பிரான்ஸில் ஒருவருமில்லை. பிரித்தானியாவில் அண்ணை இருக்கிறார், அங்கே ஒரு பொட்டு வரும் என்று சொன்னேன். இணையத்தில் இருந்த தொலைபேசிப் புத்தகத்தில் பார்த்து, பிரித்தானியா வரைபடத்தில் லண்டனுக்கு மேல் சிவப்புப் பேனையால் பொட்டு வைத்தாள். பிறகு பேனை மேலே மேலே போய் ஸ்கொட்லாந்தில் நின்றது.

"இஞ்சையும் ஒராள் இருக்கிறார். கிளாஸ்கோ."

எட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல் முழுதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒற்றை எழுத்து. அது என் தம்பியின் பெயரின் முதலெழுத்து.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர். அண்ணை, நான், தம்பி. அப்பா போன பிறகு அண்ணைதான் எங்களுக்கு அப்பா. அவர் லண்டன் போய் நிலைத்ததும், தம்பிக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்பு கூப்பிட்டால்தான் உண்டு என்று அவனுடைய பிறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னார். தம்பி அப்போது அம்மாவோடு சென்னையில், வளசரவாக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தான். சான்றிதழின் மூலப்பிரதியை அனுப்பினான். கொஞ்ச மாதம் கழித்து, "அவங்கள் மறுத்துப்போட்டாங்கள், பேந்து பாப்பம்," என்றார் அண்ணை. அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவேயில்லை. அம்மா அங்கேயே கண்ணை மூடினா. தம்பி ஒரு செல்போன் கடையில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், பதிவு, அடையாள அட்டை என்று ஏதோ ஒன்று இடறியது. என்றாவது ஒருநாள் அவன் அண்ணையிடம் போய்ச் சேர்ந்துவிடுவான், பிறகு நானும் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே வேண்டுதல்.

ஆகவே கிளாஸ்கோ எழுத்தைப் பார்த்ததும் பைத்தியக்காரி மாதிரி ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எனக்குச் சொல்லாமல் வந்துவிட்டானோ என்று நினைத்தேன். ஆனால் போன ஞாயிறுதான் அவன் சென்னையில் இருந்து, வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார் என்று முறையிட்டிருந்தான்.

மூலைத் தெப்பனர் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி வந்து லண்டனுக்கு எடுத்தேன்.

"அண்ணை, அப்பான்ர பேரில கிளாஸ்கோவில ஒராள் இருக்காம்."

"ஆராவது இந்தியாக்காரராக்கும்," என்றார்.

"அப்பான்ர பேர் இந்தியாவில ஏது?"

"உனக்கு வேற வேலை இல்லையே? உதுகளைக் கிண்டாமல் பிள்ளையைப் படிக்கச் சொல்லு."

அண்ணை என்னை அப்படி அதட்டிப் பேசுகிற ஆளில்லை. கிண்டாதே என்றால் கிண்டுகிற பிறவி நான். அடுத்த நாள், நான் சமைக்கிற குழந்தைகள் காப்பகமான கார்தெரியில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில், கையில் எழுதி வைத்திருந்த கிளாஸ்கோ இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு ஆண் எடுத்தான், இங்கிலீஷில். நான் தமிழில் தம்பியின் முழுப்பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஓம், நான்தான் கதைக்கிறன். ஆர் நீங்கள்?"

அது தம்பியின் குரல் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த குரல்.

அதற்கு முந்தைய வருடம் லண்டனில் அண்ணையின் மகளுக்குச் சாமத்தியவீடு செய்தார்கள். பெண் பிள்ளை பெரியவளானதும் செய்கிற சடங்கு. மண்டபம் எடுத்து, பல்லக்கு வைத்து, பெரிய எடுப்பு. நான் மொன்றியலில் இருந்து போயிருந்தேன். தம்பிக்கு வீசா கிடைக்கவில்லை என்றார்கள். தாய்மாமன்தானே பிள்ளைக்குத் தேங்காய் உடைத்து முன்னுக்கு நிற்க வேண்டும். அந்த முறைக்கு அண்ணியின் தம்பி வந்து நின்றான். ஸ்கொட்லாந்தில் கடை வைத்திருக்கிறானாம். நல்ல கலகலப்பான பொடியன், இதே குரலில் என்னை அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தான். நானே அவனுக்குப் பாயாசம் வார்த்தேன். அவனுடைய சின்ன மகள் என் மடியில் ஏறி இருந்தாள். "உங்கட முழுப் பேர் என்ன, குஞ்சு?" என்று கேட்டேன். பிள்ளை வாயைத் திறக்க, தாய்க்காரி ஓடிவந்து, "சாப்பிட வாங்கோ," என்று இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்குப் பசி என்று நான் நினைத்தேன்.

"நான் மொன்றியலில இருந்து கதைக்கிறன்," என்றேன் தொலைபேசியில்.

அவனுக்கும் விளங்கிவிட்டது. "அக்கா, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன். அத்தான் சொன்னவர், வீட்டில எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சம்மதம் எண்டு," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று குரலில் தெரிந்தது. அதனால் என் கோபத்தில் ஒரு பங்கைக்கூட அவன் தலையில் இறக்கிவைக்க முடியவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து லண்டனுக்கு எடுத்தேன். அண்ணை இந்த முறை மழுப்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுசனுக்கு, சோறு முடிந்ததும் கொஞ்சம் நிம்மதி போலிருந்தது.

"அந்த நேரம் மச்சானை ஊரில வைச்சிருக்க ஏலாது. ஆமி பிடிச்சிருக்கும். உன்ர அண்ணி இரவு பகலாய் அழுதாள். ஒரு பேருக்குத்தான் இடம் இருந்தது."

"அது தம்பியின்ர பேர்."

"தம்பி சென்னையில பாதுகாப்பாய்த்தானே இருந்தவன். அவனுக்குப் பேந்து செய்யலாம் எண்டு நினைச்சன்."

"பேந்து எப்பிடிச் செய்வியள்? அவன் ஏற்கனவே அங்க வந்து இருக்கிறானே."

"பேரைக் குடுத்தால் தேஞ்சா போகும்?" என்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். உடைக்கிற கைக்குப் புண்ணியம். கடைக்காரன் யார் என்று கேட்பாரில்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் கொஞ்சம்தான். அவ்வளவையும் சொன்னேன்.

சான்றிதழ் ஒருவனுடையது, முகம் இன்னொருவனுடையது என்பதில் ஒரு விசித்திரம் இருந்தது. கடதாசிப்படி அந்த ஆள் அண்ணையின் சொந்தத் தம்பி, பெரியபிள்ளையானவளுக்குச் சித்தப்பா. மண்டபத்தில் அவன் அவளுக்குத் தாய்மாமன். சித்தப்பாவாக வந்து இறங்கி, மாமனாக நின்று தேங்காய் உடைத்தான். அந்தச் சடங்கை நான் கண்குளிரப் பார்த்து, கண்ணூறு நாவூறு படக்கூடாது என்று வேறு கும்பிட்டேன். ஆல்பத்தில் படம்கூட இருக்கிறது. நான் நடுவில் நின்று சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு என் மீதே பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு வந்தது. தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று கிழமை முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தேன். சொன்னால் அவன் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் நானும் அண்ணையோடு சேர்ந்தவளாகிவிடுவேன். அவன் இன்னும் லண்டனை நம்பிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அந்த உண்மையாவது மிஞ்ச வேண்டும் என்று முடிவெடுத்தேன். காலையில் வெளிப் படிகளில் உறைபனிக்கு உப்புப் போட்டுவிட்டு வந்து, கணவர் எழும்ப முன்பே அட்டையைச் சுரண்டி எடுத்தேன். சென்னையில் பின்னேரம். பின்னால் ஆட்டோச் சத்தம் கேட்டது.

சுற்றிவளைக்காமல் சொன்னேன். கிளாஸ்கோ, குரல், மச்சான், எல்லாம். நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்தான்.

"தெரியும் அக்கா," என்றான்.

"எப்ப?"

"சாமத்தியவீட்டுக்கு முன்னம். நான் வீசாவுக்குப் போடப்போறன் எண்டு சொன்னன். அண்ணை அப்பதான் சொன்னவர். நான் போட்டால் ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு பிடிபட்டிடுமாம். அங்க இருக்கிறவனைக் குடும்பத்தோட அனுப்பிப்போடுவாங்களாம். அதால நான் போடேல்லை."

"வீசா கிடைக்கேல்லை எண்டு எனக்குச் சொன்னியே."

"அப்பிடிச் சொல்லச் சொன்னவர். உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்கள் சும்மா இருக்கமாட்டியள் எண்டு."

சும்மா இருக்கமாட்டேன்தான். அதற்காகவே இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சும்மா இருத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும், "அண்ணை ஏதாவது செய்வார், மனசை விடாத," என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அவனும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணை செய்தது அவனுக்கு. அவன் செய்தது எனக்கு. எது கூட வலித்தது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"உனக்குக் கோபமே இல்லையோடா?" என்று கேட்டேன்.

"இருந்தது. பேந்து ஒரு விசயம் யோசிச்சன். அவனுக்கு ரெண்டு பெட்டைப் பிள்ளையள் எல்லோ. தகப்பன்ர பேர் தானே பிள்ளையளுக்குப் பின்னால வரும். என்ர பேர் தான் அக்கா அதுகளுக்கு. பள்ளிக்கூடத்தில டீச்சர் கூப்பிட்டால் என்ர பேரும் சேர்த்துத்தான் கூப்பிடுவா. அதுகளை ஏன் குழப்புவான்?"

மண்டபத்தில் நாலு பேர் கேட்கப் பிள்ளை என் தம்பியின் பெயரைச் சொல்லிவிடும் என்றுதான் தாய்க்காரி ஓடிவந்து அவளை என் மடியில் இருந்து இழுத்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நீங்கள் அங்க கண்டனீங்கள்தானே," என்றான் தம்பி. "சின்னவள் எப்பிடி? வடிவோ?"

நாற்பதை நெருங்காமலே தலை நரைத்த, கல்யாணம் கட்டாத என் தம்பி, தன் பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற தகப்பன் மாதிரி மெதுவாகக் கேட்டான். வடிவுதான் என்று சொன்னேன். முன்பல் விழுந்திருந்தது, என் மடியில்தான் இருந்தாள் என்று சொன்னேன். பாரமோ என்று கேட்டான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அட்டையில் காசு முடியப்போகிறது, பேந்து எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அட்டையில் காசு நிறைய இருந்தது. அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி மட்டும் பொய் சொல்லாமல் இருந்து என்னத்தைக் கண்டேன்?