ஈசானி மூலைக்குப் போன ஏசித் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்த பிறகு, திண்டுக்கல்லில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் ஓர் ஆடி மாதம், புகையிலை வியாபாரி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்கு அடியில், புகையிலைச் சிப்பம் அடுக்கக் கட்டிய அறையில் ஏசி மாட்டியிருந்தார். கல்யாணத்துக்கு மறுநாளே புழுக்கம் தாங்காமல் ஓடிப்போன மெட்ராஸ் மாப்பிள்ளையை, தலை ஆடி விருந்துக்கு மூன்று நாளாவது தங்கவைத்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கூரையை ஒட்டி, தெற்குச் சந்தைப் பார்த்த ஜன்னலில் ஏசி இருந்தது. தண்ணீரைச் சந்தில் விட்டால் ஐந்து நிமிட வேலை.

“தெக்கால தண்ணி போகக் கூடாதுலே. வீட்டுத் தண்ணி ஈசானி மூலைக்குத்தான் போகணும்.”

“ஏசித் தண்ணிக்குமா மொதலாளி? அது மெஷினுக்கு வேர்க்குற வேர்வை.”

“ஏலே, வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு.”

பார்த்தேன். ஏசியை உள்பக்கம் சாய்த்து, அடியில் தகரத் தட்டு வைத்து, ஹோஸைச் சுவரோரமாகச் சரித்து வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனேன். சுவருக்கு அப்பால் முனிசிபாலிட்டித் தண்ணீர் பிடிக்கும் தரைத்தொட்டி. பத்து நாளாகக் குழாயில் காற்றுதான் வந்ததால் தொட்டி காலி. சுவரில் ஓட்டை போட்டு, ஹோஸைத் தொட்டிக்குள் நீட்டி, சுற்றிலும் கொஞ்சம் சிமெண்ட் பூசினேன்.

சொட்டு விழுவதை எட்டிப் பார்த்த முதலாளிக்குச் சிரிப்பு. “முனிசிபாலிட்டிக்கு ஒன் ஹோஸு தேவலடா.”

மாப்பிள்ளை வந்தார். மறுநாள், தட்டு ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாக்கில் நானும் விருந்துக்குப் போய்விட்டேன். சாப்பிட்டு மாப்பிள்ளை கீழே ஏசி அறையில் படுத்திருந்தார். வாசல் குழாய் சீறியது.

“தண்ணி வந்துருச்சு!” என்று முதலாளியம்மா கத்த, வீடே குடத்தோடு ஓடியது.

நானும் அரை மணி நேரம் குடம் தூக்கிய பிறகுதான் சுவர் ஓட்டை ஞாபகம் வந்தது. நான் ஓட்டை போட்டது தொட்டியின் பாதி உயரத்தில். அது ஒருநாள் நிறையும் என்பதே அப்போது தோன்றவில்லை. எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

கீழே ஓடினால், சிமெண்டைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கொட்டுகிறது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மெத்தை மேல் நின்றார் மாப்பிள்ளை.

“என்ன மாமா இது?”

பின்னால் வந்த முதலாளி முகம் புகையிலைச் சருகாய்ச் சுருங்கியது.

“நல்ல தண்ணி சார்,” என்றேன், ஓட்டையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டே. “எங்கூர்ல மாப்ளைக்குத்தான் மொதப் பாய்ச்சல்.”

முறைத்த மாப்பிள்ளை, சிரித்துவிட்டார். “திரும்ப எப்பப்பா தண்ணி வரும்?”

“இனிமே பத்து நாளாகும் சார்.”

“அப்ப ஒம்பது நாள் பயமில்லாம தூங்கலாம் மாமா.”

முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றே ஓட்டையை அடைத்து, ஹோஸைச் சந்துப் பக்கம் திருப்பினேன். முதலாளி ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: அடியில் வாளி வைக்க வேண்டும். மாப்பிள்ளை இருந்த அத்தனை நாளும், சாயங்காலமானால் முதலாளியே அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்துபோய், ஈசானி மூலைச் செடிக்கு ஊற்றினார்.

“ஹோஸுக்குக்கூட இம்புட்டு வேகம் இல்ல மொதலாளி,” என்றேன்.

வாளியில் மிச்சமிருந்தது என் தலையில் விழுந்தது. ஜில்லென்றுதான் இருந்தது.