எலி அறையில் பகல் பதினொரு மணி

"கதை விடுறா" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இது நடந்தது. எனக்கல்ல, என் அண்ணிக்கு. நாத்தனாரும் அண்ணியும் என்றால் கீரியும் பாம்புமாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். அவள் வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடியவள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொன்ன அன்று அவளுக்குப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அதை யாரும் நடிக்க முடியாது.

அண்ணிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு வேலை. கர்ப்பமாக இருக்கும் எலியின் முதுகுத் தோலுக்கு அடியில் மாத்திரை அளவு ஒரு பம்பை வைத்துத் தைப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக நிகோடினை உடம்புக்குள் விடும். சிகரெட்டில் இருக்கிறதே, அதே நிகோடின். பிறகு பிறக்கும் குட்டிகளைப் பார்ப்பார்கள். எடை குறைவாக இருக்கும். ஓயாமல் துள்ளும். சில குட்டிகள் தூக்கத்தில் மூச்சு விடவே மறந்துபோகும்.

அந்தக் கேடு வயிற்றுக்குள்ளேயே வந்ததா, பிறந்த பிறகு பாலில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகப் பிறந்த அன்றே குட்டிகளை எடுத்து, நிகோடின் ஏறாத இன்னொரு தாயிடம் விடுவார்கள். அங்கே அதை 'மாத்துறது' என்பார்கள். அண்ணியின் வேலையே அதுதான். சும்மா கொண்டுபோய்ப் போட்டுவிட முடியாது. புதுத் தாயின் கூண்டிலிருந்து ஒரு பிடி மரத்தூளை எடுத்து, குட்டியின் உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டும். அந்த வாசம் இருந்தால்தான் தன் குட்டி என்று நம்பும். இல்லாவிட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு, தலையிலிருந்து தின்னத் தொடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும். மனிதர்கள் பகலில்தான் வேலைக்கு வருவார்கள். அதனால் ஜன்னல் இல்லாத அந்த அறையில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கும்மிருட்டு. எலிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும்.

அப்போது அண்ணிக்கு ஆறாவது மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஆனால் அவளால் சிகரெட்டை விட முடியவில்லை. அண்ணனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எட்டு என்று இருந்தது இரண்டாகக் குறைந்திருந்தது. "அந்த எலிங்களுக்கு பம்ப் வெச்சுத் தைக்கணும். எனக்கு அந்தச் சிரமம்கூட இல்ல பாரு" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே அழுவாள். எந்தக் குட்டி எவ்வளவு எடை என்று தினமும் நிறுத்துப் பார்க்கிறவள் அவள்தானே. இந்தப் பிள்ளை பிழைக்குமா என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது.

அன்று காலை 10.40. ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். மேலங்கி, தொப்பி, மாஸ்க், இரண்டு ஜோடிக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டாள். புகை வாசம் பட்டால் தாய் எலிகள் மிரண்டுவிடும். அதனால் புகைபிடிப்பவர்களை அந்த அறைக்குள் விடுவதே இல்லை. வேலையில் சேரும்போது அண்ணி "அந்தப் பழக்கமே இல்ல" என்று சொல்லியிருந்தாள்.

வெளியே கூண்டு கழுவும் மீசைக்காரர் இருந்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களாண்ணே?"

"யாருமில்லம்மா. நீதான் மொதல்ல போற."

கதவைச் சாத்திக்கொண்டாள். 10.55.

உள்ளே சிகரெட் வாசம் அடித்தது. தன் கையில்தான் மிச்சமிருக்கிறது என்று நினைத்தாள். இல்லை... யாரோ பக்கத்தில் நின்று முகத்தில் ஊதியது போல இருந்தது.

பிறகுதான் கவனித்தாள். சத்தமே இல்லை. அந்த நேரத்தில் எலிகள் ஓடும், கம்பியைக் கறுக் கறுக்கென்று கொறிக்கும். அன்று ஒரு கூண்டில்கூட அசைவில்லை. எல்லாத் தாய் எலிகளும் கூண்டின் முன்பக்கம் எழுந்து நின்று, அவள் இருந்த பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

நம் வேலையைப் பார்ப்போம் என்று ஒரு குட்டியைக் கையில் எடுத்தாள். முடி முளைக்காத, கண் திறக்காத குட்டி. புதுத் தாயின் மரத்தூளைத் தேய்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேய்த்தாள். உள்ளே விட்டாள்.

தாய் முகர்ந்து பார்த்தது.

நறுக்.

குட்டிக்குத் தலை இல்லை.

அண்ணி கூண்டின் கம்பி மூடியைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு கையை உள்ளே விட்டாள். எலி அவள் பெருவிரலைக் கவ்வியது. இரண்டு கையுறையையும் தாண்டிப் பல் எலும்பில் இறங்கியது. உதறினாள். விடவில்லை. கூண்டின் விளிம்பில் ஓங்கி அடித்த பிறகுதான் விட்டது.

அப்போது பக்கத்துக் கூண்டில்... நறுக்.

அவள் தொடாத கூண்டு அது. அது பெற்ற குட்டிகள்.

அடுத்ததில்... நறுக். நறுக். மேல் தட்டு... கீழ்த் தட்டு... ஒரு தாய் பாக்கியில்லாமல் தின்றன. குட்டிகளின் கீச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சுவர்க் கடிகாரத்தில் 11.17.

கடைசி அடுக்கின் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள்.

மேலங்கி. தொப்பி. மாஸ்க். பெண்தான். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா என்று அண்ணி நினைத்தாள்.

"டாக்டர்... எல்லாம் தின்னுடுச்சு டாக்டர்..."

அந்தப் பெண் ஒரு கூண்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி மரத்தூளை எடுத்தாள். நிகோடின் ஏறாத ஒரு தாயின் கூண்டு. அதைத் தன் கைகளில் தேய்த்துக்கொண்டாள். கழுத்தில்... முகத்தில்... ஓர் இடம் விடாமல் நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள்.

பிறகு அண்ணியின் முன்னால் இருந்தாள். நடந்து வரவில்லை.

மிச்ச மரத்தூளை அண்ணியின் வயிற்றில் தேய்த்தாள்.

உள்ளே பிள்ளை புரண்டது. அந்தக் கை போன பக்கமெல்லாம் புரண்டது.

"விடு... யாரு நீ... விடு!"

"மாத்து" என்றது குரல். "என்னை மாத்து."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். அண்ணிக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

கையில் கம்பி மூடி இருந்தது.

அடித்தாள்.

எலும்பு உடையும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. இடது புருவத்துக்கு மேல்... அதே இடத்தில்... மறுபடி... மறுபடி...

சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ரத்தமாகத் தெரியாது. தண்ணீர் மாதிரி அண்ணியின் முகத்தில் தெறித்தது. சூடாக இருந்தது.

அந்தப் பெண் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

அவள் மாஸ்க் கழன்று விழுந்தது.

அண்ணி முகத்தைப் பார்த்தாள்.

பாய்ந்து பெரிய விளக்கைப் போட்டாள். 11.23.

யாரும் இல்லை.

அலறல் கேட்டு மீசைக்காரர் ஓடிவந்தார். கதவு வழியாக யாரும் உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை என்று சத்தியம் செய்தார். மூடியில் மூன்று கம்பிகள் வளைந்திருந்தன. அதில் ரத்தம். எலி ரத்தம்தான் என்றார் டாக்டரம்மா. "சிகரெட் நாத்தத்தோட உள்ள போயிருக்கே. அதான் மெரண்டு தின்னுருக்கு. உனக்கே தெரியாதா?" என்று கேட்டார். அன்றே வேலை போனது. அவர் சொன்னதுதான் சரி என்று நானும் நினைத்தேன். அந்த முகம் எப்படி இருந்தது என்று நான் எவ்வளவோ கேட்டும் அண்ணி வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் சிகரெட்டைத் தொடவில்லை. நகத்தைக் கடித்தே மிச்ச மாதங்களை ஓட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. மூச்சு வரவில்லை... நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினாள்... முதுகைத் தேய்த்தாள்... பிறகுதான் வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு நான் கைகூப்பிவிட்டேன். பிழைத்துவிட்டாள்.

குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த பிரசவ டாக்டர் தயங்கினார். குழந்தையின் இடது புருவத்துக்கு மேல் மூன்று கோடுகள். பக்கத்துப் பக்கத்தில், அடிக்கோல் வைத்தது போல நேராக இருந்தன.

"கீறலா டாக்டர்?" என்றேன்.

"கீறலா இருந்தா ரத்தம் வரணுமே. இது ஆறிப்போன தழும்பும்மா. பல வருஷத்துத் தழும்பு மாதிரி இருக்கு. வயித்துக்குள்ள இருக்கறப்போ எப்படி..."

அண்ணி குழந்தையைப் பார்த்தாள். தழும்பை அல்ல, முகத்தை. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவ பெரியவளா இருந்தாடி" என்றாள்.

இப்போது குழந்தைக்கு ஏழு வயது. படு சுட்டி. அண்ணி அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவளிடம் நாங்கள் யாரும் எதையும் சொன்னதில்லை. ஆனால் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்று நடக்கிறது. சமையலறையில் நான் ஒரு மூடியைக் கையில் எடுத்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. அண்ணன் எடுத்தாலும் ஒன்றுமில்லை. அம்மா எடுத்தால் மட்டும், இரண்டு கையாலும் இடது புருவத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டிவிடுகிறாள்.

எங்கள் வீட்டில் பாத்திரங்களை மூடி வைப்பது அண்ணன் வேலை.