வலது பக்கம் அழுக்காகாத டிரவுசர்

தேசியக் கால்பந்து அணியின் துணிகளைத் துவைப்பவளுக்கு முகாமில் ‘கறை ஜோசியக்காரி’ என்று பெயர். வைத்தவர் சமையல்காரர். அவருடைய சூப்பைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பழிவாங்கத்தான் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது; சூப் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பயிற்சி முடிந்து வரும் துணிகளை இயந்திரத்தில் திணிக்கும் முன் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள். முட்டியில் புல் கறை அப்பியிருந்தால் தடுப்பாட்டக்காரருக்கு வேகம் போதவில்லை, சறுக்கியே காலம் தள்ளுகிறார். காலர் நனையவில்லை என்றால் நடுக்களத்து மகராசன் ஓடவே இல்லை. இதை வைத்தே உலகப் போட்டியின் முதல் இரண்டு குரூப் ஆட்டங்களுக்கும் குறி சொன்னாள். இரண்டும் பலித்தன.

மூன்றாவது ஆட்டம் மறுநாள். டிரா ஆனாலே அடுத்த சுற்று.

“என்னம்மா, நாளைக்கு எத்தனைக்கு எத்தனை?” சமையல்காரர் சலவை அறைக்குள் தலையை நீட்டினார்.

“சூப்பை மாத்துங்க, சொல்றேன்.”

சிரித்தாளே தவிர, கையில் இருந்த டிரவுசரை விட்டுக் கண் நகரவில்லை. அது கோல்கீப்பருடையது. கோல்கீப்பர் அவள் தங்கை மகன். மூன்று நாளாக இடது பக்கம் சேற்றில் புரண்டிருக்கிறது, வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வலது இடுப்பில் அடிபட்டிருக்கிறது, அந்தப் பக்கம் விழாமல் மறைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. நாலு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவனுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. சொன்னால் அந்த இடம் போகும். சொல்லாமல் ஆடி இடுப்பு முறிந்தால், எல்லாமே போகும்.

நடைபாதையில் அவனை மடக்கினாள்.

“டேய், வலது பக்கம் ஏன்டா விழல?”

அவன் முகம் வெளிறியது. “பெரியம்மா, சத்தியமா இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!”

அடி நிச்சயம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். நேரே பயிற்சியாளர் அறைக்குப் போய் டிரவுசரை மேசைமேல் விரித்தாள்.

“சார், பையனுக்கு இடுப்புல அடி. திட்டாதீங்க, வைத்தியம் பாருங்க. குணமானதும் திரும்ப எடுத்துக்கிறேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினார். “இதை வேற யாரு பார்த்தாங்க?”

“நான்தான் சார்.”

“அவனுக்கு அடியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எதிரணில பெனால்டி அடிக்கிறவன் எப்பவும் கீப்பருக்கு இடது மூலைலதான் அடிப்பான். மூணு நாளா அதுக்கு மட்டும் பயிற்சி. யாரும் பார்க்கக் கூடாதுன்னு கேட்டைப் பூட்டிக்கிட்டுப் பண்ணோம். நீங்க ஒரு டிரவுசர்ல கண்டுபிடிச்சிட்டீங்க!”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு வாயையும் பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பாட்டு அறையில் எல்லோரும் குறி கேட்டபோது, “நாளைக்கு மழை வரலாம்” என்றாள். இப்படி ஒரு கேவலமான குறியை அவர்கள் கேட்டதே இல்லை.

மறுநாள் மழை வரவில்லை. கோலும் வரவில்லை. எண்பத்தாறாவது நிமிடம், எதிரணிக்குப் பெனால்டி.

“போச்சு, மூட்டையைக் கட்டு,” என்றார் மைதான ஓரத்தில் அவள் பக்கத்தில் நின்ற சமையல்காரர்.

“சும்மா இருங்கண்ணே. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்.”

அடிப்பவன் ஓடிவந்தான். கீப்பர் இடது பக்கம் பாய்ந்தான். அந்தப் படுபாவி, வாழ்க்கையில் முதல் தடவையாக, நட்டநடுவில் அடித்தான். பாய்ந்தவனின் உடம்பு போய்விட்டது, ஒரு கால் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. பந்து அந்தக் கணுக்காலில் பட்டு எகிறி, கம்பத்துக்கு மேலே பறந்தது.

கடைசி விசில் ஊதும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மைதானத்து நடுவில் பையனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். பயிற்சியாளர் அவன் கணுக்காலைப் பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சரி, அடுத்த ஆட்டம் எப்படிப் போகும்?”

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“கோல்ல என் பையன்தான் நிப்பான். மீதியை நீங்களே சொல்லுங்கண்ணே.”