ஜப்பான் அம்மா என்னதான் சொன்னாங்க, சம்பந்தம் அண்ணே?

பட்டறை முதலாளி கன்னியப்பன், ரஞ்சிதம், நான், ஜப்பானிலிருந்து வந்த கிமிகோ அம்மா, கைடு சம்பந்தம் அண்ணன். அன்றைக்கு அங்கே இருந்தது இந்த ஐந்து பேர்தான்.

இன்று காலை சம்பந்தம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். ரஞ்சிதம்தான் போன் பண்ணிச் சொன்னாள்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் யார் வந்தாலும் கோயில் சுற்றிக் காட்டி, அப்படியே சிலைப் பட்டறைக்கும் கூட்டி வருவார். நானும் ரஞ்சிதமும் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர்கள். தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எங்களுக்கு விரல் ரேகையே கிடையாது.

1998. நம் நாடு பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மறுநாள். ஊரே ஸ்வீட் கொடுத்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவன் டிரைவர் வாயிலேயே மைசூர்பாகைத் திணித்தானாம்!

கன்னியப்பனும் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தார். "நம்மளும் வல்லரசு ஆயிட்டோம்டி, எடுங்க எடுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து கிமிகோ அம்மாவும் சம்பந்தம் அண்ணனும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மா தன் ஊர்க் கோயிலுக்கு ஒரு புத்தர் சிலை சொல்லியிருந்தார். ஐந்தடி. அதைத்தான் நாங்கள் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

நல்ல சேதிக்கு ஸ்வீட் என்றால் கையில் கொடுக்க மாட்டோம், ஊட்டித்தான் விடுவோம். நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு ஊட்டினேன். குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு லட்டுன்னு சொன்னியா அண்ணாத்த?"

"சொல்லிட்டேன் சொல்லிட்டேன்."

ஜப்பானுக்கும் சந்தோஷம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள்... எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அண்ணன் அந்த அம்மாவிடம் சொன்னது என்ன தெரியுமா? முதலாளி மகளுக்குப் பிறந்தநாள் என்று. கன்னியப்பனுக்கு இரண்டும் பையன்கள்!

மறுநாள் அந்த அம்மா ஓட்டல் டிவியில் குண்டு சேதியைப் பார்த்துவிட்டு வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார். கன்னியப்பன் ஆளுயரப் பிள்ளையாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எனக்குப் பயம்தான். ஆனால் ஜப்பானுக்கு நம் மேல் கோபம், அங்கே முன்பே குண்டு விழுந்திருக்கிறது என்று ராத்திரி ரேடியோவில் சொன்னதிலிருந்து மனசில் ஓடியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணாத்த, இவங்க தலையில குண்டு போட்டவன் அமெரிக்காக்காரன். அவங்கூட சினேகமா கீறாங்க. யார் தலையிலயும் போடாத எங்க மேல இன்னா கோவம்? கேளு."

பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய், வாய மூடு. சிலையே வாணாம்னுட்டு போயிடப் போறாங்க!"

சம்பந்தம் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

அந்த அம்மா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். பேசினார்... பேசினார்... ஒரு ஈடு இட்லி வெந்திருக்கும். அண்ணனைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இன்னா சொல்றாங்க?"

"கோவம் இல்லியாம்."

"அவ்ளோதானா? இம்மாம் நேரம் பேசினாங்களே!"

"ஜப்பான் பாஷை அப்டித்தான் வள்ளி. நீளம்."

புத்தரை எடுத்துக்கொண்டு போனார். மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து லாரியில் ஏற்றினோம். அந்த அம்மா அப்புறம் வரவேயில்லை.

நான் விடவில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் அண்ணனைக் கேட்டேன்.

ஜப்பான் நமக்குக் கொடுக்கிற உதவியை நிறுத்திவிட்டது என்று ரேடியோவில் சொன்னபோது பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். "அமெரிக்காக்காரன் பலசாலி. அவன் மேல கோவம் வந்தா முழுங்கிக்கணும். உங்களாண்ட காட்டலாம். அதான் சொன்னாங்க" என்றார்.

அது நியாயமாகப் பட்டது எனக்கு. அதையே சொல்லி ரேஷன் கடை வரிசையில் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன்!

சில வருஷம் கழித்து அவர் கைடு வேலையை விட்டுவிட்டு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வேன் ஓட்டினார். அப்போது வேறு சொன்னார். "அவங்க அக்கா அந்த குண்டுலதான் செத்துச்சாம்."

அந்த வாயிலா ஊட்டினேன்? அதற்கப்புறம் யார் வீட்டு விசேஷத்திலும் லட்டு தொட்டதில்லை.

கடைசியாகக் கேட்டது ரஞ்சிதம் மகள் கல்யாணத்தில். ஜப்பான் மறுபடியும் நம்மோடு ராசியாகியிருந்தது.

"ஏன் அண்ணாத்த, நம்மகிட்ட இப்ப குண்டு இல்லியா?"

"குண்டு அங்கயேதான் கீது. நம்மகிட்ட பொருள் வாங்க ஜனம் கீது பாரு, அதுக்குத்தான் சினேகம்."

"அத வுடு. அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"லட்டு நல்லா இருந்துச்சின்னாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பந்தி என்றும் பார்க்காமல் முதுகில் ஒன்று வைத்தேன்.

இன்று ரஞ்சிதம் சொல்கிறாள்: "யக்கா, அவருக்கே அன்னிக்கி ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கோயில் பேரு, சிலை வெலை... அவருக்குத் தெரிஞ்ச ஜப்பான் அவ்ளோதான்."

இருக்கலாம். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லாரியை மறித்து வேறு ஆளைக் கூட்டி வந்து கேட்டிருப்பேனே!

வாயை மூடச் சொன்ன கன்னியப்பனைக்கூட என்றைக்கோ மன்னித்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி, பாவம்.

மாலையோடு மூன்று மணிக்கு வருகிறேன் அண்ணே. அழுவேன், காலைத் தொட்டுக் கும்பிடுவேன், எல்லாம் செய்வேன்.

மன்னிக்க மாட்டேன் என்று ஒரே ஒரு பேரைத்தான் வைத்திருக்கிறேன்.

கைடு சம்பந்தம்.