அட்டைப்படத்தில் அம்மாவின் தலை

செங்கம் ரோட்டுக் காப்பிக் கடையில் கிடந்த இசைப் பத்திரிகையைப் பிரித்ததும் மை வாசனை அடித்தது. அட்டையில் பக்கத்து அடி அண்ணாமலை ஊர்ப் பெண் ஒருத்தி. சிரிக்காமல் அவள் பாடி நான் பார்த்ததே இல்லை. ராப் பாடுகிறாளாம், அதனால் இடிந்த சுவர் முன்னால் நிறுத்தி முறைக்க வைத்திருக்கிறார்கள். எவன் போட்ட சட்டமோ!

சலீம் பாய் அச்சகத்திலும் இதே வாசனைதான். இப்போது அங்கே செல்போன் கடை. அன்று பசையும் மண்ணெண்ணெயும் நெடியடிக்க, மெஷின் தடதடக்க, மேசை முழுக்க வெட்டிய போட்டோக்கள் சிதறிக் கிடக்க, நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இசைப் பத்திரிகை ஒன்று அங்கேதான் அச்சானது. அம்மா ஆர்க்கெஸ்ட்ரா பாடகி, மைக்கைப் பிடித்து ஆடிக்கொண்டே பாடுவாள். அட்டையில் தன் படம் வரப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தாள்.

பாய் ஒட்டிவைத்த அட்டையைக் காட்டினார். பட்டுப்புடவையில் உட்கார்ந்து தம்பூரா மீட்டும் ஓர் உடம்பின்மேல் அம்மாவின் தலை இருந்தது.

"இது யாரு கை பாய்?"

"பாடகின்னா இப்படித்தான் போடணும்னு ஆசிரியர் சொல்லிட்டாரும்மா. எல்லா மாசமும் இதே கைதான். தலைதான் மாறும்."

"என் மைக் எங்க?"

"வெட்டிட்டேம்மா."

அம்மா தன் தலையைப் பிய்த்தெடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "இந்த மாசம் தலையில்லாம போட்டுக்கங்க."

வேறொருத்தியின் தலையோடு பத்திரிகை வந்தது. கையும் வளையலும் அதேதான்.