கதவு திறக்கும் அக்கா

வாலாஜாபாத்தில் மனவளர்ச்சி குன்றிய பெண்கள் நால்வர் ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்தார்கள். 1991இல் அவர்களுக்குத் துணையாக அங்கே தங்கியிருந்தேன். மூத்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலை, நெற்றி நிறையக் குங்குமம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். யார் கதவைத் தட்டினாலும் அக்காதான் திறப்பார். வேறு யாரையும் திறக்க விடமாட்டார்.

தெருவில் சிலருக்கு எங்களைப் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் வருவதை ஜன்னல் வழியே பார்த்தேன். காலி பண்ணச் சொன்னால் நால்வரையும் எங்கே கூட்டிப்போவது?

அக்கா கதவைத் திறந்தார். "யாரு வேணும்?"

"நான் வூட்டுக்காரன்மா."

"வூட்டுக்காரி நான்தான். செருப்ப கழட்டிட்டு வா, காபி தர்றேன்."

அவர் திகைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றினார். அக்கா போட்டுத் தந்த காபியைத் தலைகுனிந்தபடியே குடித்தார். போகும்போது, "தெருவுல பேசிக்கினுதான் கீறாங்க. நான் சொல்லிக்கிறேன், நீங்க இருங்க" என்றார்.

அக்கா ஜன்னலருகே என்னிடம் வந்தார். "இன்னா இங்கியே நின்னுக்கினு கீற? அவரு போவச் சொல்லத்தான் வந்தாரு. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். என்ன வூட்ட வுட்டு போவச் சொன்னப்ப எங்கண்ணன் மூஞ்சியும் அப்டித்தான் இருந்துச்சு."

தெரிந்தேதான் கதவைத் திறந்திருக்கிறார். துணைக்கு வந்த நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.