ஏற்றத்தில் நிற்கும் கார்கள்

நானும் கணவரும் இருப்பது ஒஸ்லோவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்த காலம் முழுக்க அந்தப் படிகளை நான் பொருட்படுத்தியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, யாரோ இன்னும் நாலைந்து படி கட்டிவிட்டது போல இருந்தது. அரிசிப் பையை இரண்டாம் மாடியில் வைத்துவிட்டு நான் சுவரைப் பிடித்து நின்றதை மகள் கண்டுவிட்டாள்.

"அம்மா, இந்த வீட்டை வித்துப்போட்டு திராமன் நகருக்கு எங்களிட்டை வாங்கோ. எங்கடை வீட்டுக் கீழறை சும்மாதானே கிடக்கு."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ இந்த வீட்டை விட மனமில்லை.

என் கால்களுக்குப் பிசியோதெரபி செய்யும் பிள்ளை, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, என் தொடையைத் தட்டிச் சொன்னாள்: "அன்ரி, இதுக்குள்ளை மிட்டோகொண்ட்ரியா எண்டு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கு. சாப்பாட்டைச் சக்தியாக்கிறது அதுகள்தான். வயது போகக் குறையும், சும்மா இருந்தால் இன்னும் கெதியாக் குறையும். ஏத்தத்திலை நடந்தியளெண்டால் திரும்பக் கூடும். ஆனால் கதைக்கேலாத அளவுக்கு மூச்சு இளைக்கவேணும்."

"கதைக்காமலோ? அதுக்கு வேறை ஆளைப் பாரும் பிள்ளை."

நடக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்கள் யாராவது நடந்து போவதைக் கண்டால், பாவம், கார் இல்லையாக்கும் என்றுதான் நினைப்பார்கள். காரை நிறுத்தாமல் போவது குற்றம். நிறுத்தியும் ஏறாமல் விடுவது பெருங்குற்றம். பாதி ஏற்றத்தில் ஒரு கார் நிற்கும், நானும் ஏறிவிடுவேன். அந்தச் சூடான இருக்கை களைப்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. குளிர்காலத்தில் பாதி இப்படியே போனது. மாடி ஏறும்போது வந்த இளைப்பு மட்டும் குறையவில்லை.

பிறகு மகள், வீடு விற்றுத் தருகிற ஆளைக் கூட்டி வரப்போவதாகச் சொன்னாள். அடுத்த நாள் ஏற்றத்தில் கணவரின் கூட்டாளி காரை நிறுத்தினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"என்னக்கா, எங்களோடை கோபமோ?"

பதில் சொல்ல மூச்சில்லை. இல்லையென்று தலையாட்டிக்கொண்டே நடந்தேன். கார் பக்கத்திலேயே ஊர்ந்தது.

"நாய் வளர்க்கிற வெள்ளையள்தான் இந்தக் குளிருக்குள்ளை நடக்கிறது. உங்களிட்டை நாயும் இல்லை. அண்ணைக்குப் போன் எடுக்கட்டோ?"

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தும் அவர் விடாமல் கூடவே வந்தார். உச்சியில் வேலியைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை... விக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

மாலையில் மகளுக்குப் போனில் சொன்னேன்: "அந்த ஆளை இப்ப கூட்டி வராதை. கோடைக்குப் பிறகு பாப்பம்."

"அதுவரைக்கும் என்ன செய்யப் போறியள்?"

"நடக்கிறன்."

"சரி. ஆனால் கோடை முடிய நானும் உங்களோடை படி ஏறிப் பாப்பன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் காலை நீட்டினேன். இரண்டு தொடையும் உளைந்தன. நாளைக்கும் போக வேண்டும்.